உடையும் அலையில் உருவாகும் குமிழிகளைக் கணினியில் எண்ணுவது எப்படி: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கடலலை உடையும்போது காற்று எப்படி நீருக்குள் சிக்கிக் குமிழிகளாகச் சிதறுகிறது என்பதைக் கணினியில் சிமுலேஷன் செய்ய நான் இறங்கியபோது, முழுப் பணியும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன். நம்பத்தகுந்த முதல் குமிழிப் பட்டியல் கையில் கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. இயற்பியல் புரியாததால் அந்தத் தாமதம் நேரவில்லை. வேலைகளைத் தவறான வரிசையில் செய்ததாலும், கணினி நேரத்துக்கான விண்ணப்பத்தைச் சரியாகத் தயாரிக்காததாலும், எண்ணும் முறையில் செய்த ஒரு சிறு பிழையாலும்தான் பெரும்பகுதி காலம் வீணானது. முதுநிலை மாணவராகவோ புதிதாக ஆய்வில் சேர்ந்தவராகவோ இதே பணியைத் தொடங்குகிறவர்கள் அந்த மாதங்களை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் லினக்ஸில் ஓரளவு பழகியவர், சி மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்று கொள்கிறேன்.

1. எவ்வளவு சிறிய குமிழி வரை எண்ணப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

செலவு, காலம், விண்ணப்பம் எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே எந்த நிரலையும் தரவிறக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கிராண்ட் டீன், டேல் ஸ்டோக்ஸ் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீடுகளின்படி, உடையும் அலைக்குள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேற்பட்ட குமிழிகளின் எண்ணிக்கை ஆரத்தின் மைனஸ் 10/3 அடுக்கிலும், அதைவிடச் சிறியவற்றின் எண்ணிக்கை மைனஸ் 3/2 அடுக்கிலும் மாறுகிறது. இந்த எல்லைக்கு ஹின்ஸ் அளவு என்று பெயர். அதைவிடப் பெரிய குமிழியை நீரின் கொந்தளிப்பு பிய்த்துவிடும். சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை பிய்யாமல் காத்துவிடும். ஒரு கிலோ நீரில் கொந்தளிப்பு 1 வாட் ஆற்றலைக் கரைக்கிறது என்று கொண்டால், ஹின்ஸ் சூத்திரம் தரும் விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர்.

இனி உங்கள் வலையை, அதாவது கணக்கிடும் பெட்டியைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் தொகுப்பைப் பாருங்கள். இத்துறையில் பலரும் தொடங்கும் அமைப்பில் பாண்ட் எண் (ஈர்ப்பு பரப்பு இழுவிசையை எத்தனை மடங்கு விஞ்சுகிறது என்ற அளவு) 200. நீருக்கும் காற்றுக்கும் அது ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலைநீளத்தைக் குறிக்கும். ஓர் அலைநீளப் பக்கமுள்ள பெட்டியில் நிலை 9 என்றால், அதாவது பக்கத்தை ஒன்பது முறை பாதி பாதியாகப் பிரித்தால், ஒரு பக்கத்துக்கு 512 கட்டங்கள், அதாவது ஒரு கட்டம் 0.47 மில்லிமீட்டர். நிலை 10இல் அது 0.23ஆகவும் நிலை 11இல் 0.12ஆகவும் குறைகிறது. ஒரு குமிழியின் விட்டத்துக்குக் குறுக்கே எட்டுக் கட்டங்களாவது இல்லையென்றால் அதன் வடிவத்தையும் உடைவையும் நம்ப முடியாது என்பது என் அனுபவம். அப்படியானால் நிலை 9இல் 3.8 மில்லிமீட்டர், நிலை 10இல் 1.9, நிலை 11இல் 0.9 மில்லிமீட்டர் விட்டம் வரையே நீங்கள் பேச முடியும். ஹின்ஸ் அளவைக் காண்பதற்கே நிலை 10 வேண்டும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டுமானாலும் நிலை 11 வேண்டும்.

மற்றொன்றையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 24 சென்டிமீட்டர் அலை ஆய்வகத் தொட்டி அலையே தவிரப் புயற்கடல் அலை அன்று. 10 மீட்டர் அலைக்கு ரெனால்ட்ஸ் எண் (அலையின் வேகமும் அளவும் நீரின் பாகுத்தன்மையை எத்தனை மடங்கு விஞ்சுகின்றன என்ற அளவு) பத்துக் கோடியளவில் இருக்கும். அதை மில்லிமீட்டர்க் குமிழி வரை நேரடியாகத் தீர்ப்பது இன்றைய எந்தக் கணினியாலும் ஆகாது. உங்கள் அறிக்கையின் தலைப்பிலேயே அலைநீளத்தைக் குறிப்பிட்டுவிட்டால், பின்னால் எழும் பல கேள்விகள் எழாமலே போகும்.

2. நிரலை நிறுவுதல்: ஒரு நாள் போதும்

நான் பயன்படுத்துவது பசிலிஸ்க். பாரிஸில் பணிபுரியும் ஸ்டெஃபான் போப்பினே முன்னின்று உருவாக்கிய, ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிரல் இது. நீர், காற்று இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது, இடைப்பரப்பைக் கன அளவுப் பின்னத்தால் (ஒரு கட்டத்தில் நீர் நிரம்பிய பங்கு) பின்தொடர்வது, தேவைப்படும் இடத்தில் மட்டும் வலையை நுணுக்குவது ஆகிய மூன்றும் இதில் ஆயத்தமாக இருக்கின்றன.

உபுண்டு இருந்தால் ஜி.சி.சி. கம்பைலர், மேக் (make), காக் (gawk) ஆகியவற்றை முதலில் நிறுவிக்கொண்டு, பசிலிஸ்கின் மூலக் கோப்புகளை இறக்கி, ஜி.சி.சி.க்கான அமைப்புக் கோப்பை இணைத்து மேக் கட்டளையைக் கொடுத்தால் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் இயங்கும் லினக்ஸ் துணை அமைப்பிலேயே இதைச் செய்யலாம். புதியவர்கள் தவறும் இடம் ஒன்றுதான்: பசிலிஸ்க் கோப்புறையின் முகவரியைச் சூழல் மாறிகளில் சேர்த்த பிறகு டெர்மினலை மூடித் திறக்க மறந்துவிடுகிறார்கள், பசிலிஸ்கின் கம்பைலரான கியூ.சி.சி. கட்டளை கிடைக்கவில்லை என்ற பிழை வந்ததும் நிறுவியது தவறோ என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். படம் வரையும் நூலகங்களை முதல் நாளே நிறுவ முயலாதீர்கள். அவை இல்லாமலே கணக்கு ஓடும்.

3. உடையாத அலையை முதலில் ஓட்டுங்கள்

இந்தப் படியை நான் தாண்டிச் சென்றேன். தாண்டியதற்கு இரண்டு மாதங்கள் கொடுத்தேன். உடையும் அலையில் ஆற்றல் எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதற்குக் கையால் எழுதக்கூடிய விடை கிடையாது. உடையாத சிறு அலைக்கோ அந்த விடை உண்டு.

அலைநீளம் 1, ஈர்ப்பு 1, நீரின் அடர்த்தி 1 என்ற அலகில், ரெனால்ட்ஸ் எண்ணை 40,000 என வைத்து, சரிவு 0.1 உள்ள அலையை ஓடவிடுங்கள். சரிவு என்பது அலைவீச்சை அலை எண்ணால் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) பெருக்கிய மதிப்பு. இந்த அலகில் ஒரு அலைக்காலம் 2.51. நீரின் பாகுத்தன்மையால் மட்டும் ஓர் அலைக்காலத்தில் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் குறைய வேண்டும். மேலுள்ள காற்றின் உராய்வையும் சேர்த்தால் அதைச் சற்றே தாண்டும். உங்கள் வலையில் அது 3 சதவீதமாக இருந்தால், மீதி இரண்டு சதவீதத்தைத் தின்பது இயற்கையன்று, உங்கள் கட்டங்கள். அந்த நிலையில் உடையும் அலைக்குப் போவதில் பொருளில்லை. வலையை ஒரு நிலை நுணுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மடிக்கணினியில் ஒவ்வொரு ஓட்டமும் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரையே எடுக்கும்.

இங்கே ரெனால்ட்ஸ் எண்ணைப் பற்றி ஒரு சொல். உண்மையான 24 சென்டிமீட்டர் நீரலைக்கு இதே வரையறையில் அது 3,70,000 அளவில் வரும். 40,000 என்று வைக்கும்போது நீரை ஒன்பது மடங்கு பாகுள்ளதாக ஆக்குகிறீர்கள். செலவைக் குறைக்க எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

4. இருபரிமாணத்தில் உடைத்துப் பாருங்கள், ஆனால் குமிழிகளை எண்ணாதீர்கள்

மூன்றாம் வரிசை ஸ்டோக்ஸ் அலையை (அலை வடிவத்துக்கான ஒரு தோராயச் சூத்திரம்) தொடக்க வடிவமாகக் கொடுங்கள். காற்றுக்கும் நீருக்கும் அடர்த்தி விகிதம் 1க்கு 850 என்று வையுங்கள். சரிவு 0.3க்குக் கீழே இருந்தால் அலை உடையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், 0.55 கொடுத்தால் முகடு நாக்குப் போல முன்னே நீண்டு, வளைந்து, எதிரேயுள்ள நீரில் விழுந்து, நடுவில் ஒரு காற்றுக் குழலைச் சிறைப்பிடிக்கும். அந்தக் காட்சியை முதன்முறை திரையில் காண்பது மறக்க முடியாத கணம். நாக்கின் நுனி நீரைத் தொடும் இடத்தில் வலை தானாக நுணுகிக் கறுத்துத் தெரியும். மேலே அமைதியான காற்றில் கட்டங்கள் அகலமாகவே இருக்கும்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் உண்டு. உந்தத்தைக் காக்கும் நகர்த்தல் முறையைச் சேர்க்காமல் ஓட்டினால், அடர்த்தி இவ்வளவு வேறுபடும் பரப்பில் கனமான நீரின் உந்தம் கணக்குப் பிழையால் காற்றுக்குள் கசிந்து, முகட்டின் மேலே காரணமில்லாத பெருவேகங்கள் தோன்றும். காலப்படி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) திடீரென்று ஆயிரம் மடங்கு சுருங்கினால் முதலில் இதைத்தான் பாருங்கள். அடுத்தது ஈர்ப்பு. அதைக் குறைக்கப்பட்ட அழுத்த வடிவில் சேர்க்கும் கோப்பு பசிலிஸ்கில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அமைதியான நீர் அமைதியாகவே நிற்கும். மூன்றாவது, வலை நுணுக்கத்தின் சகிப்பு எல்லை, அதாவது எவ்வளவு பிழை வரை கட்டத்தை நுணுக்காமல் விடலாம் என்ற அளவு. கன அளவுப் பின்னத்துக்கு 0.01, வேகத்துக்கு 0.005 என்று தொடங்குங்கள். வேகத்தின் எல்லையைத் தளர்த்தினால் ஓட்டம் விரைந்து முடியும். ஆனால் நீருக்குள் இருக்கும் சுழல்கள் அழிந்துவிடும், குமிழிகளைப் பிய்க்க எதுவும் மிஞ்சாது.

காலப்படியைப் பற்றிப் புத்தகங்கள் பரப்பு இழுவிசைதான் அதைக் கட்டுப்படுத்தும் என்று எச்சரிக்கும். நான் கணக்கிட்டுப் பார்த்த வரையில், காற்றின் உச்ச வேகம் மேற்சொன்ன அலகில் 1ஐ ஒட்டி இருந்தால், நிலை 11 வரை காலப்படியைத் தீர்மானிப்பது காற்றின் வேகமே. நிலை 12, 13க்குச் சென்றால்தான் பரப்பு இழுவிசையின் எல்லை குறுக்கே வருகிறது. ஆகவே புதியவர்கள் பரப்பு இழுவிசையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த நினைப்பது வீண். மிச்சமாவது எதுவுமில்லை, குமிழியின் அளவு மட்டும் கெட்டுப்போகும்.

இருபரிமாணக் குமிழி என்பது உண்மையில் முடிவில்லாத உருளை. அதன் நீளவாக்கில் நெளிந்து பிய்ந்துபோக வழியே இல்லை. இருபரிமாணக் கொந்தளிப்பிலும் சுழல்கள் சிறுத்துச் சிதறுவதற்குப் பதிலாக ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன. அந்த ஓட்டங்களிலிருந்து எடுத்த குமிழி எண்ணிக்கையை எந்த வரைபடத்திலும் போடாதீர்கள்.

5. முப்பரிமாணச் செலவைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு ஓட்டமும் முடியும்போது பசிலிஸ்க் கடைசியாக ஒரு வரி எழுதும். எத்தனை காலப்படிகள், எவ்வளவு நேரம், ஒரு நொடிக்கு எத்தனை கட்டங்களை நகர்த்தியது, எத்தனை மாறிகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் விண்ணப்பம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கப் போகிறது.

என் கணக்கை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். நான்கு அலைக்காலம் என்பது 10 அலகு நேரம். நிலை 9இல் காலப்படி 0.001 என்றால் 10,000 படிகள். உடைந்த பிறகு ஒரு கோடிக் கட்டங்கள் இருக்கும் என்றும், ஒரு கோர் (கணினியின் ஒரு செயலகம்) நொடிக்கு 50,000 கட்டங்களை நகர்த்தும் என்றும் கொண்டால், 20 லட்சம் நொடிகள், அதாவது சுமார் 560 கோர்-மணிகள் (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு கோர்-மணி). 48 கோர் கொண்ட ஒரு கணுவில் (பெரிய கணினியில் இணைந்த ஒரு தனிக் கணினி) 12 மணி நேரம். ஒரு நிலை உயர்த்தும்போது கட்டங்கள் ஐந்து மடங்கும் படிகள் இரண்டு மடங்கும் கூடுவதாகக் கொண்டால் செலவு பத்து மடங்காகும்: நிலை 10க்கு 5,600, நிலை 11க்கு 56,000 கோர்-மணிகள். நிலை 11ஐ 480 கோர்களில் ஓட்டினாலும் ஏறத்தாழ ஐந்து நாட்கள் இடைவிடாமல் ஓட வேண்டும்.

நினைவகத்தையும் இதே போலப் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு 40 மாறிகள், ஒன்றுக்கு 8 பைட். 25 கோடிக் கட்டங்களுக்கு 80 ஜி.பி., வலையின் மரக் கட்டமைப்புக்கு இன்னும் கொஞ்சம். ஒரு கணத்தின் கணக்கு முழுவதையும் சேமிக்கும் கோப்பு ஒவ்வொன்றும் 50 ஜி.பி.யை எட்டும். நூறு கோப்புகள் சேமித்தால் 5 டெராபைட். வட்டு இடத்தைக் கேட்க மறந்தால், ஓட்டத்தின் நடுவில் இடம் நிறைந்து கோப்பு பாதியிலேயே அறுந்துபோகும்.

6. கணினி நேரத்துக்கு விண்ணப்பித்தல்

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட பரம் வரிசைக் கணினிகள் முதன்மையான வழி. திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் தொடங்கப்பட்ட பரம் பொருள் 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ் கொண்டது. கட்டணமும் விதிமுறையும் மையத்துக்கு மையம் மாறும், உள்ளிருக்கும் மாணவருக்கும் வெளியாருக்கும் மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த மையத்தின் அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் இவை: வழிகாட்டிப் பேராசிரியரும் துறைத்தலைவரும் கையொப்பமிட்ட கணக்குப் படிவம், நிறுவன அடையாள அட்டை, ஆய்வுச் சுருக்கம், தேவைப்படும் கோர்-மணிகளின் கணக்கு, நினைவகமும் வட்டு இடமும், பயன்படுத்தும் நிரலும் அதன் உரிமமும், கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் எப்படி உயர்கிறது என்று காட்டும் வரைபடம். கடைசி ஆவணத்தில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். பெரிய கணினியில் இடம் கிடைக்க அந்த வரைபடம் வேண்டும். வரைபடம் எடுக்கப் பெரிய கணினி வேண்டும். இதற்கு வழி, முதலில் சிறிய சோதனைக் கணக்கு ஒன்றைக் கேட்பது. நிலை 8, 9 ஓட்டங்களை 48, 96, 192 கோர்களில் நூறு படிகள் மட்டும் ஓட்டி வரைபடத்தை எடுத்துக்கொண்டு, பிறகு முழு விண்ணப்பத்தைக் கொடுங்கள். என் முதல் விண்ணப்பம் வரைபடம் இல்லாததால் ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அதில் நான் கேட்டிருந்த மணிகளுக்கும் எந்த ஆதாரக் கணக்கும் இல்லை. கையொப்பங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கணக்கிட்ட மணிகளுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்டு, அது தோல்வியுறும் ஓட்டங்களுக்கும் மறு ஓட்டங்களுக்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

7. கிளஸ்டரில் ஓட்டுதல்

கிளஸ்டரில், அதாவது பல கணுக்கள் இணைந்த அந்தப் பெரிய கணினியில், பசிலிஸ்கை நிறுவ அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். உங்கள் மடிக்கணினியிலேயே கியூ.சி.சி.க்கு மூல வடிவில் மட்டும் வெளியிடும்படி கட்டளையிட்டு, பல கோர்களில் சேர்ந்து ஓட்ட உதவும் எம்.பி.ஐ. தெரிவையும் சேர்த்தால், எந்தச் சி கம்பைலரும் ஏற்கும் ஒற்றைக் கோப்பு கிடைக்கும். அதைக் கிளஸ்டருக்கு அனுப்பி, அங்குள்ள எம்.பி.ஐ. கம்பைலரால் தொகுத்துக்கொள்ளலாம்.

வரிசையில் ஒரு வேலைக்கு நேர எல்லை இருக்கும். ஐந்து நாள் ஓட்டத்தைப் பல துண்டுகளாகத்தான் ஓட்ட முடியும். அதனால் சீரான இடைவெளியில் அந்தக் கணத்தின் கணக்கு முழுவதையும் சேமிக்கும் நிகழ்வை எழுதி, தொடங்கும்போது அந்தக் கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடரும்படி அமையுங்கள். இங்கே ஒரு பெரும் பொறி இருக்கிறது: குமிழிப் பட்டியல் கோப்பை எழுதும் வகையில் திறந்திருந்தால், மறுதொடக்கத்தின்போது பழையது முழுவதும் அழிந்து புதிதாகத் தொடங்கும். நான் அப்படித்தான் மூன்று நாள் பட்டியலை இழந்தேன். ஓட்டம் சரியாக முடிந்திருந்தது, படங்கள் இருந்தன, எண்கள் மட்டும் இல்லை. கோப்பைச் சேர்த்தெழுதும் வகையில் திறங்கள். அதற்கும் மேலாக, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள்.

முப்பரிமாண ஓட்டத்தில் அலை அகலவாக்கில் முழுச் சீராக இருந்தால், அந்தச் சீர் குலைவதைக் கணக்குப் பிழைகளின் தயவில் விடுவதாகிவிடும். தொடக்க வேகத்தில் மிகச் சிறிய ஒழுங்கற்ற அசைவைச் சேர்ப்பது நல்லது. அதன் அளவைக் குறித்து வைத்து, வேறு வேறு அசைவுகளுடன் குறைந்தது மூன்று முறை ஓட்டுங்கள். பெரிய குமிழிகள் ஓர் ஓட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பதால் ஒற்றை ஓட்டத்தின் புள்ளிகள் அங்கே தாறுமாறாகத் துள்ளும்.

8. குமிழிகளை எண்ணுதல்

காற்று நிறைந்த, ஒன்றையொன்று தொடும் கட்டங்களுக்கு ஒரே எண்ணை ஒட்டும் கருவி பசிலிஸ்கில் உள்ளது. அது தரும் பகுதிகளில் மிகப் பெரியது வானம், அதை நீக்குங்கள். மற்ற ஒவ்வொன்றின் கன அளவு, மையம், சராசரி வேகம் ஆகியவற்றை நேரத்தோடு எழுதி வையுங்கள். படங்களைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் வரையலாம். இந்தப் பட்டியலை ஓட்டத்தின்போதே எடுக்காவிட்டால் பிறகு எடுப்பது கடினம்.

கன அளவிலிருந்து சமமான கோளத்தின் ஆரத்தைக் கண்டு, ஆரங்களை மடக்கை இடைவெளிகளில் வகைப்படுத்தி எண்ணுவீர்கள். ஒவ்வோர் இடைவெளியின் எண்ணிக்கையையும் அந்த இடைவெளியின் அகலத்தால் வகுத்தே ஆக வேண்டும். மடக்கை இடைவெளிகளின் அகலம் ஆரத்தோடு கூடிக்கொண்டே போவதால், வகுக்க மறந்தால் அடுக்கு ஒன்று குறைந்து, மைனஸ் 10/3 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 7/3 வரும். ஐந்து வாரங்கள் நான் அந்த மைனஸ் 2.3க்கு இயற்பியல் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

எந்த நேரத்தில் எண்ணுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி தூய நீரில் நொடிக்கு 25 சென்டிமீட்டர் அளவில் மேலேறும். நம் அலையின் காலம் 0.39 நொடி. ஓர் அலைக்காலத்துக்குள் அது 10 சென்டிமீட்டர் ஏறிவிடும், ஆகவே தாமதமாக எண்ணினால் பெரியவை பலவும் வெளியேறியிருக்கும். நாக்கு நீரைத் தொட்ட கணத்திலிருந்து ஓர் அலைக்காலம் வரை என்று நான் வரையறுத்துக்கொண்டேன்.

இரு குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் ஒரு கட்டத்தைவிட மெலிந்தால் கணினி அவற்றைத் தானாக இணைத்துவிடும். உண்மையான கடல்நீரிலோ உப்பு குமிழிகள் இணைவதைத் தடுக்கிறது. இதனால் சிமுலேஷனில் இணைதல் உள்ளதைவிட அதிகமாகவே தெரியும், அதுவும் வலையைப் பொறுத்து மாறும். எட்டுக் கட்ட எல்லையை வரைபடத்தில் செங்குத்துக் கோடாக வரைந்து, அதன் இடப்பக்கத்தை வெளிறிய நிறத்தில் காட்டுங்கள். நிலை 10, நிலை 11 இரண்டின் புள்ளிகளையும் ஒரே படத்தில் போட்டு, அவை எந்த ஆரம் வரை ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன என்று பாருங்கள். பிரிந்துபோகும் இடம் நீங்கள் முதல் நாள் தாளில் எழுதிய அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். அது வெகுவாக மேலே தள்ளியிருந்தால், வேகத்தின் சகிப்பு எல்லையை 0.005இலிருந்து பாதியாகக் குறைத்து, நிலை 10ஐ மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். நிலை 11க்கான மணிகளை அதற்குப் பிறகு தொடலாம்.